பூட்டு ஊரில் முக்குளிக்கும் கண்ணாடி

திண்டுக்கல்லில் பூட்டு கிடைக்கும், பிரியாணி கிடைக்கும். முக்குளிக்கிற மாஸ்க் கிடைக்குமா? "கடலே இல்லாத ஊர்ல அது எதுக்குடா?" என்று சிரிப்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

கடல் இல்லை, சரி. கிணறு இருக்கே! வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கம் லீவு விட்டால் பையன்கள் கிணற்றில்தான் கிடப்பார்கள். நம்ம நண்பன் ஒருத்தன் ஒரு கடையில் சாதாரண நீச்சல் கண்ணாடி வாங்கினான். "உள்ள போனா பளிச்னு தெரியும் தம்பி" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பயல் அடிமண் எடுக்கப் போய்விட்டான். மேலே வந்தபோது வெள்ளை முழி முழுக்க ரத்தச் சிவப்பு.

பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு. கண்ணாடிக்குள் அடைபட்ட காற்று அதற்கு ஈடு கொடுக்க முடியாமல் கண்ணையே உறிஞ்சும். டைவிங் மாஸ்க்கில் மூக்கும் உள்ளே இருக்கும். மூக்கால் லேசாகக் காற்று விட்டால் போதும், சரியாகிவிடும். நீச்சல் கண்ணாடியில் அதற்கு வழியே கிடையாது. விற்கிறவர் "எவ்வளவு ஆழம் போவே?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இதைவிட பயங்கரம், ஓஸ் பைப்பை வாயில் வைத்து மூச்சு விடலாம் என்கிற ஐடியா. ஸ்நார்கெல் குழாய் சுமார் ஒரு அடிதான் இருக்கும். கஞ்சத்தனத்தில் அல்ல! ஒரு மீட்டர் ஆழத்திலேயே தண்ணீர் நெஞ்சை அமுக்கும், மேலே இருக்கும் காற்றை இழுக்கவே முடியாது. பைப் நீளமானால் விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டியதுதான்.

கடல் இருக்கிற ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது? பாம்பன் பக்கம் பாசி எடுக்கும் பெண்கள் சேலைக்கு மேல் சட்டை போட்டு, விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்குகிறார்கள். தூத்துக்குடியில் சங்கு குளிக்கிறவர்கள் டயருக்குக் காற்றடிக்கிற மாதிரி கம்ப்ரஸரில் மூச்சு விடுகிறார்கள். இஞ்சின் புகையும் அதே குழாயில் வரலாம். அவசரமாக மேலேறினால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழ் கட்டி கை கால் முடங்கும். புதுச்சேரி, அந்தமான் டூரிஸ்டுக்கு வாடகைக்கே நல்ல சாமான் கிடைக்கிறது. தினமும் முங்கிச் சம்பாதிக்கிறவர்களுக்கு இல்லை. படகு டீசலுக்கு மானியம் கொடுக்கிற அரசு, மாஸ்க்குக்கும் துடுப்புச் செருப்புக்கும் கொடுத்தால் என்ன?

நண்பனின் கண் ரெண்டு வாரத்தில் வெளுத்துவிட்டது. இப்போது மூக்கு மூடுகிற மாஸ்க் தேடி மதுரை போகலாம் என்கிறான். பஸ் காசு என் தலையில் :)