கைமாறும் பாடல்களும் வாய்திறவா இரசிகர்களும்

பதுளை வீதி வந்து முடிவுறும் செங்கலடிச் சந்தியில், மாலை வேளைகளில் தேநீர் அருந்தக் கூடும் மாணவரை அவதானிப்போர் ஒரு காட்சியைத் தவறாது காண்பர். ஒருவர் தமது காதில் இருந்த ஒலிக்கருவியைக் கழற்றி அருகிலிருப்பவரின் காதில் பொருத்துகின்றார். அவர் அரை நிமிடம் கேட்கின்றார். "சொல்லி வேலையில்லை" என்கின்றார். மறுகணம் அப்பாட்டு அவருடைய கைபேசிக்கும் சென்றுவிடுகின்றது. அத்துடன் உரையாடல் முற்றுப்பெறுகின்றது. வந்தாறுமூலை வளாகத்தை அண்டிய வாடகை அறைகளிலும் விடுதி மாடிகளிலும் இரவு தோறும் நிகழ்வது இதுவே. புதிதாக வெளிவந்த இசைத்தொகுதி ஒன்று விடிவதற்குள் விடுதி முழுவதற்கும் பரவிவிடுகின்றது. அதனைப் பற்றிப் பேசப்பட்ட சொற்களை ஒன்று திரட்டினால் ஒரு தபாலட்டைக்கும் போதா.

இவர்களை இசை இரசிகர் என அழைத்தல் தகுமா என்ற வினா இன்று எழுப்பப்படல் வேண்டும். எழுப்பினால் உடனே வரும் மறுமொழி யாவரும் அறிந்ததே. இரசனை அவரவர் மனத்தைப் பொறுத்தது, அதற்குக் காரணம் கேட்பது அத்துமீறல் என்பர். கேட்பதற்கு இது பெருந்தன்மையான கொள்கை போலத் தோன்றும். ஆயின் இரசனை தனிமனித விவகாரம் மாத்திரமே எனின், பாட்டைப் பிறர் காதில் கொண்டுபோய்ப் பொருத்துவது எதற்காக? பகிர்கின்ற கணத்திலேயே, "இது உனக்கும் தகும்" என்னும் தீர்ப்பொன்றைப் பகிர்பவர் வழங்கிவிடுகின்றார். தீர்ப்பு வழங்கியவர் நியாயமும் கூறக் கடமைப்பட்டவர். செங்கலடிப் பக்கத்து விவசாயி அயலவனுக்கு ஒரு மரைக்கால் விதை நெல் கொடுத்தாலும், இன்ன இனம், இத்தனை மாதத்துப் பயிர், இன்ன நிலத்தில் விளையும் என்று சொல்லாமற் கொடுப்பதில்லை. கலைப்பீட மாணவர் அந்த அளவுக்கேனும் சொல்லக்கூடாதா?

சொல்லாமைக்கு முதற் காரணம் அறியாமை. கைமாறும் கோப்புக்களைச் சற்று உற்று நோக்கினால் உண்மை விளங்கும். பாடலாசிரியரின் பெயர் இல்லை. குழலும் வயலினும் வாசித்தோர் பெயர் இல்லை. பல வேளைகளிற் பாடியவர் பெயரே இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பாட்டைத் திருடி ஏற்றிய இணையத்தளத்தின் பெயர் நிற்கின்றது. உழைத்தவன் பெயரை அழித்து விற்பவன் பெயரைப் பொறிக்கும் வணிகத்தைப் பற்றி விரிவுரை மண்டபத்தில் ஆவேசமாகப் பேசும் அதே மாணவர், தமது கைபேசியில் அவ்வழிப்பு நிகழ்வதைக் கண்டும் காணாதிருக்கின்றனர்.

இந்த நாட்டிலே நிலைமை எப்போதும் இவ்வாறு இருந்ததில்லை. இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவை புகழுடன் விளங்கிய காலத்தில், ஒரு திரைப்பாடல் ஒலிக்குமுன் படத்தின் பெயர், பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடியோர் ஆகிய விபரங்களை அறிவிப்பாளர் சொல்லுவது ஒழுங்காக இருந்தது. பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ளோரும் அவ்வறிவிப்பைக் கேட்டே பாடலாசிரியர்களை இனங்கண்டனர். பள்ளிக்கூடம் காணாத கிழவிகூட எப்பாட்டை எவர் எழுதினார் என்று சொல்லக்கூடியவளாக இருந்தாள். இசைத்தட்டுக்கும் கசற்றுக்கும் இது ஓரளவு பொருந்தும். 1963 இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகஞ் செய்த கசற், எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஈழத்துச் சிறுநகரங்களின் ஒலிப்பதிவு நிலையங்களை நிரப்பிற்று. அறுபது நிமிடக் கசற்றில் ஒரு பக்கத்துக்கு ஆறேழு பாடல்களே கொள்ளும். நண்பனுக்குக் கசற் ஒன்று பதிவு செய்து கொடுக்க விரும்பியவர், எதனைச் சேர்ப்பது, எதனை விடுவது, எதன்பின் எதனை வைப்பது என்று பல நாள் யோசித்துப் பட்டியல் எழுதினார். அப்பட்டியலே ஒரு விமர்சனம். (அக்காலத்தைப் பொற்காலம் என்று கொண்டாடவும் வேண்டியதில்லை. அவ்வொலிப்பதிவு நிலையங்கள் எந்தக் கலைஞனுக்கும் ஒரு சதமேனும் அனுப்பியதாகத் தெரியவில்லை.) இடநெருக்கடி கட்டாயப்படுத்திய தெரிவை இன்று எவரும் செய்ய வேண்டியதில்லை. யாவும் கொள்ளும், யாவும் செல்லும்.

இரண்டாவது காரணம் அறியாமையினும் கேடானது. பேசவே மாட்டாதவர்கள் எனக் கூறப்பட்ட இதே இரசிகர்கள், ஒரு விடயத்தில் மாத்திரம் விடிய விடியப் பேசுவர். இளையராஜாவா ரகுமானா, ரகுமானா அனிருத்தா என்ற வழக்கே அது. 1976 இல் 'அன்னக்கிளி', 1992 இல் 'ரோஜா' என ஆண்டுகள் எடுத்துரைக்கப்படும். விருதுகள் எண்ணப்படும். குரல்கள் உயரும். ஆயின் அவ்விவாதம் முழுவதிலும் ஒரு பாட்டின் ஒரு சந்தமேனும் ஆராயப்பட்டதா எனின், இல்லை. அது இசைபற்றிய விவாதமன்று; கட்சிச் சண்டை. இதற்கு ஒரு பரீட்சை உண்டு. 1986 இல் இளையராஜா திரைப்படத் தொடர்பின்றி, தியாகராசரையும் செருமானிய இசைஞர் பாஹையும் மனத்திற்கொண்டு 'ஹவ் டு நேம் இட்' என்னும் இசைத்தொகுதியை வெளியிட்டார். அவர் பெயருக்காக நண்பனுடன் முகம் முறிக்கத் துணிந்தோரிடம் அத்தொகுதியை முதலிலிருந்து முடிவுவரை ஒரே இருப்பிற் கேட்டதுண்டா என்று வினவுக. அதில் வயலின் வாசித்த வி. எஸ். நரசிம்மனின் பெயரையேனும் அறிவரா என்று வினவுக. தலைவனுக்குத் தேர் இழுப்போர் தேரின் மேலுள்ள சிற்பத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை.

விவாதிக்கத் தெரியாத சமூகம் இது என்று எவரேனும் சமாதானம் கூறின், அது வரலாற்றுப் பொய். விடுதி மாடியிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள ஊர்களே அதற்குச் சாட்சி. மட்டக்களப்புக் கூத்து மரபிலே சட்டங் கொடுத்தல் தொடக்கம் அரங்கேற்றம் வரை பல படிகள் உண்டு. அவற்றுள் ஒன்று கிழமைக் கூத்து. அண்ணாவியார் மாதக்கணக்கிற் பழக்குகின்ற கூத்தை, கூத்தர் வாரத்தில் ஒருநாள் ஊரவர் முன் ஆடிக் காட்டுவர். அரங்கேற்றம் இன்னும் தொலைவில் இருக்கும், ஒப்பனை இராது. ஆயினும் ஊர் வந்து களரியைச் சூழ்ந்து இருக்கும். முன்னொரு காலத்தில் அருச்சுனனுக்கு ஆடிய கிழவர், இன்று அருச்சுனனுக்கு ஆடும் பையனின் வரவுத் தாளத்தைக் காதுகொடுத்துக் கேட்பார். இந்தத் தருவை இழுத்துப் பாடியது பிழை, பிற்பாட்டுக்காரர் முந்திவிட்டனர், மத்தளம் துரிதத்துக்குப் போகுமுன் ஆட்டக்காரன் களைத்துவிட்டான் என்று முகத்துக்கு நேரே சொல்லுவார். வடமோடியின் வேகத்தைத் தென்மோடியிற் கலந்தால் பொறுக்கமாட்டார். சொல்லப்பட்ட குறை அடுத்த கிழமைக்குள் திருத்தப்பட வேண்டும். திருத்தப்பட்டதா என்று பார்க்க அதே கிழவர் அடுத்த கிழமையும் வந்திருப்பார்.

இதைக் கவனித்தல் வேண்டும். எழுத்தறிவில்லாத உழவனும் மீனவனும் தாம் அப்போது சுவைத்துக் கொண்டிருக்கும் ஒரு கலைப்படைப்பைப் பற்றி, வாரந்தோறும், காரணத்தோடு, கலைஞன் முகத்தைப் பார்த்துப் பேசினர். அங்கும் பகை இருந்தது, குடிப்பெருமையும் இருந்தது, வாய்ச்சண்டை கைச்சண்டையான இரவுகளும் இருந்திருக்கும். எனினும் தருவென்றால் எது, தாளக்கட்டென்றால் எது என்று தெரியாதவன் அச்சபையில் வாய்திறக்க முடியாது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அறுபதுகளிற் பேராதனையில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகிய கூத்துக்களை மேடையேற்றியபோது, பல்கலைக்கழகம் இக்கிராமங்களிடமிருந்தே கற்றது. அதற்குத் துணைநின்ற அண்ணாவிமாருள் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரும் ஒருவர். இன்று அதே வந்தாறுமூலையிலே பல்கலைக்கழகம் அமைந்திருக்கின்றது. அதன் மாணவர் எத்தனைபேர் அப்பெயரைக் கேள்விப்பட்டிருப்பர்?

பெயரறியாமை வெறும் பொதுஅறிவுக் குறைபாடு என்று எண்ணுவோர் பறையின் கதையை நோக்குவாராக. அண்மைக்காலத் திரைப்பாடல்களிற் பறையும் உறுமியும் அதிரத் தொடங்கினால் விடுதியே எழுந்து ஆடுகின்றது. அதே பறையைப் படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் கோயில் வாசலிலும் சாவீட்டு முற்றத்திலும் தலைமுறை தலைமுறையாக அடித்தோர், அதற்காகவே இழிவுபடுத்தப்பட்டனர். அவ்விழிவு தாங்காது அவர்தம் பிள்ளைகள் பலர் பறையைத் தொடமாட்டோம் என்று ஒதுங்கினர். அம்முடிவைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆயின் காதுக்கருவிக்குள் வரும் பறையை வீரமென்றும், சாவீட்டில் வரும் பறையைத் தீட்டென்றும் கொள்ளும் இரசனையை என்னென்பது? ஒலி ஒன்றே. ஒன்றில் அடித்தவன் கண்ணுக்குத் தெரிகின்றான், மற்றையதில் தெரியவில்லை, வேறுபாடு அவ்வளவே. முகத்தை மறைத்துத் தரும்போது மாத்திரம் இனிக்கின்ற இசையைப் பகிர்வோர், அம்மறைப்பிற் பங்காளிகளே ஆவர்.

2021 மார்ச்சில் வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி' கடலுக்கு இருபுறமும் கைமாறிய வேகம் நினைவிருக்கும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பின் தமிழகம் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வை அறிவு அப்பாட்டினுள் வைத்தார். மலையகத்தின் நூற்றாண்டுக் கண்ணீர் அதிலுண்டு. அதே ஆண்டு ஆகஸ்டில் றோலிங் ஸ்ரோன் இந்தியா சஞ்சிகையின் அட்டையில் அப்பாட்டைப் பாடிய தீயின் முகம் வந்தது. எழுதிப் பாடிய அறிவின் முகம் வரவில்லை. இயக்குநர் பா. ரஞ்சித் முதலானோர் அதைக் கண்டித்தனர். செங்கலடியிலிருந்து பதுளை வீதி வழியே பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் அடையக்கூடிய தேயிலைத் தோட்டங்களின் கதை அது. இங்கு அப்பாட்டுக்கு ஆடியோர் அக்கதையையேனும் பேசியிருக்கலாம்.

குற்றம் முழுவதையும் மாணவர் தலையிற் சுமத்துதல் நேர்மையாகாது. சினிமாப் பாட்டு ஆராயத்தகாதது, அதைப் பற்றிய பேச்சு மண்டபத்துக்கு வெளியே என்று விரட்டும் புலமையும் இந்த ஊமைத்தனத்துக்குப் பொறுப்பு. அத்தகையோர் சுவாமி விபுலாநந்தரின் பெயரைச் சொல்லி மரபைக் காக்க முன்வருவர். 1892 இற் காரைதீவிற் பிறந்த அடிகள் என்ன செய்தார்? ஏட்டில் இறந்துகிடந்த யாழின் சுருதிகளைக் கணிதங் கொண்டு கணக்கிட்டு 'யாழ் நூல்' இயற்றினார்; அது 1947 இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அதே அடிகள் கல்லடியில் வாவி நீரின் கீழிருந்து எழும் ஒலியையும் செவிமடுத்து, அதனை நீரரமகளிரின் இசையாகக் கண்டு பாடினார். மீனோ மட்டியோ என்று இன்றுவரை வழக்குத் தீராத ஓர் ஓசை அவருக்கு ஆராயத்தகாததாகத் தோன்றவில்லை. பல்லாயிரவர் வாழ்வில் அன்றாடம் கலந்துவிட்ட பாட்டு மாத்திரம் அவருடைய வழிவந்தோருக்கு எவ்வாறு தீண்டத்தகாததாயிற்று?

ஆகவே பாட்டுக்கள் கைமாறுதல் நிற்க வேண்டும் என்பதன்று வாதம். கைமாறும்போது பெயரும் சேர்ந்து கைமாறட்டும். தொகுதியை அனுப்புபவர் அதனை முழுமையாக ஒருதரமேனும் கேட்டபின் அனுப்பட்டும். மூன்றாம் பாட்டு ஏன் தளர்கின்றது, இரண்டாஞ் சரணத்தில் வரிகள் ஏன் மெட்டுக்கு அடிமையாகின்றன என்று இரண்டு வசனம் எழுதட்டும். பெற்றவர் மறுத்து எழுதட்டும். ஏறாவூரிலிருந்து வரும் மாணவி தன் பாட்டியிடம் கேட்ட கவியை ஒலிப்பதிவு செய்து அதே வழியில் அனுப்பட்டும். அதற்கும் அதே கண்டிப்புடன் மறுமொழி கிடைக்கட்டும். தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு மண்டபமும் ஓர் ஒலிபெருக்கியும் உண்டு. வாரத்தில் ஒரு மாலை அவை சும்மா கிடக்கின்றன. அங்கே ஒரு கிழமைக் கூத்தைத் தொடங்கி, ஒரு தொகுதியை ஒலிக்கவிட்டு, முன்வரிசையில் வந்தாறுமூலை அண்ணாவியார் ஒருவரை இருத்தினால், "சொல்லி வேலையில்லை" என்ற சொல்லுக்கு அவர் என்ன மறுமொழி கூறுவார் என்பதை அன்றே அறிந்துகொள்ளலாம்.