பழைய சிறு காரும் தகுதிச் சான்றும்

கைமாறிய சிறு கார் ஒன்றை வாங்க முற்படுகிறவர் விற்பவரிடம் முதலில் கேட்பது விலை, அடுத்துக் கேட்பது, "எப்.சி. எடுத்தாகிவிட்டதா?" என்பது. "எடுத்தாகிவிட்டது" என்னும் விடை கிடைத்தவுடன் வாங்குபவரின் ஐயம் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. பிரேக்குப் பிடிக்கும், ஸ்டீயரிங் சரியாகத் திரும்பும், குடும்பத்துடன் பத்திரமாக ஊர் போய்ச் சேரலாம் என்று அவர் முடிவு செய்துவிடுகிறார். தகுதிச் சான்று இவ்வளவு நம்பிக்கையையும் தாங்கக் கூடியதுதானா என்பது ஆராய்ந்து பார்க்க வேண்டிய கேள்வியாகும். சிற்றூர்ப் பள்ளிக்கு நாள்தோறும் போய்வரும் ஆசிரியரும், பல கிராமங்களைச் சுற்றிவரும் கள ஊழியரும் இத்தகைய கார்களையே பெரிதும் நாடுவதால், இது அவர்களுடைய உயிரோடு தொடர்புடைய விஷயமுமாகும்.

சட்டம் வகுத்த இடைவெளி

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, சொந்த உபயோகத்திற்கான காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் வண்டியைச் சோதனைக்குக் காட்டி, 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். வாடகைக் காருக்கு விதி வேறு. அது முதல் 8 ஆண்டுகள் வரை 2 ஆண்டுகளுக்கு ஒரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் சோதிக்கப்பட வேண்டும். ஆகவே, ஒரே தொழிற்சாலையிலிருந்து ஒரே நாளில் வெளிவந்த இரண்டு கார்களில், மஞ்சள் பலகை தாங்கிய கார் 15 ஆண்டுகளில் பத்துக்கு மேற்பட்ட சோதனைகளைக் காண்கிறது. வெள்ளைப் பலகை தாங்கிய கார் ஒரு தடவையேனும் சோதனைக் கூடத்திற்குப் போக வேண்டியதில்லை.

வாடகைக் கார் மிகுந்த தூரம் ஓடுவதால் அதற்கு அடிக்கடி சோதனை தேவை என்பது உண்மையே. ஆனால் வண்டியின் உறுப்புகள் யாவும் தூரத்தால் மட்டும் தேய்வதில்லை. ரப்பர்க் குழாய்கள் ஆண்டுகளால் விறைத்து வெடிக்கின்றன. தகடு மழையாலும் கடற்காற்றாலும் துருப்பிடிக்கிறது. ஓடாமல் நிழலில் நின்ற காரின் டயரும் மூப்படைகிறது. மாருதி 800 கார் 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. அவ்வகையில் கடைசியாக வெளிவந்த வண்டிக்கும் 10 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் இத்தகைய சிறு கார்களே முதன்முறையாகக் கார் வாங்கும் எளிய குடும்பங்களின் கைக்கு வருபவை. பதினான்காம் ஆண்டில் இத்தகைய காரை வாங்குபவரிடம் உள்ள ஒரே சோதனைத் தாள் பெரும்பாலும் புகைச் சான்றுதான். அது எஞ்சின் கக்கும் புகையைப் பற்றியது. பிரேக்கைப் பற்றி அது ஒன்றும் கூறுவதில்லை.

சோதனையும் ஓர் அளவீடே

சோதனை நடைபெறும்போது உண்மையில் நிகழ்வது என்ன? பிரேக்குச் சோதனையை எடுத்துக்கொள்ளலாம். காரின் சக்கரங்கள் இரண்டு உருளைகளின் மேல் நிறுத்தப்படுகின்றன. மின்சார மோட்டார் உருளைகளை மெதுவாகச் சுழற்றுகிறது. ஓட்டுநர் பிரேக்கை அழுத்தும்போது ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு விசையோடு உருளையைத் தடுக்கிறது என்பதைக் கருவி காட்டுகிறது. நான்கு விசைகளையும் கூட்டி வண்டியின் எடையால் வகுத்தால் பிரேக்கின் திறன் நூற்றுவீதமாகக் கிடைக்கும்.

கிரேட் பிரிட்டனில் 2010 செப்டம்பர் முதல் உபயோகத்திற்கு வந்த கார்களுக்கு இத்திறன் 58 சதவீதத்திற்குக் குறையக் கூடாது. மேலும், ஓர் அச்சின் ஒரு சக்கரத்தில் கிடைக்கும் விசை மற்றச் சக்கரத்தின் விசையில் 70 சதவீதத்திற்குக் குறையலாகாது. குறைந்தால் பிரேக்குப் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். கணக்கிடப்படும் எடை 750 கிலோகிராம் என்றும், முன்சக்கரங்களில் 155, 115 கிலோகிராம் விசையும், பின்சக்கரங்களில் 90, 85 கிலோகிராம் விசையும் கிடைத்தன என்றும் உதாரணமாகக் கொள்ளலாம். மொத்தம் 445, திறன் ஏறத்தாழ 59 சதவீதம், முன்சக்கரங்களின் விகிதம் 74 சதவீதம். வண்டி தேறிவிடுகிறது. அதே காரை மறுநாள் மற்றோர் இடத்தில் சோதிக்கும்போது, டயரில் காற்றுச் சிறிது குறைந்தோ, உருளையில் ஈரம் படிந்தோ, 115 என்பது 108 ஆகிவிட்டால், திறன் 58 சதவீதத்திற்குச் சற்று மேலே நின்றாலும் விகிதம் 70க்குக் கீழே இறங்கிவிடும். அப்போது வண்டி தவறிவிடுகிறது. இரு நாட்களுக்கிடையே கார் மாறவில்லை. அளவீட்டின் இயல்பான ஏற்றத்தாழ்வே முடிவை மாற்றிவிட்டது.

எல்லைக்கு அருகில் நிற்கும் வண்டிக்கு மட்டுமே இவ்வாறு நேரும். 75 சதவீதத் திறனுள்ள வண்டி எங்கே சோதித்தாலும் தேறும். 35 சதவீதத் திறனுள்ளது நேர்மையாகச் சோதித்தால் எங்கும் தேறாது. ஆனால் "தேறியது" என்னும் ஒற்றைச் சொல், 75 சதவீத வண்டியையும் 59 சதவீத வண்டியையும் ஒன்றாக்கிவிடுகிறது. வாங்குபவருக்கு இவ்வேறுபாடு முக்கியமானது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், பிரேக்குப் பிடித்தபின், 58 சதவீதத் திறனில் ஏறத்தாழ 24 மீட்டரில் நிற்கும். 40 சதவீதத் திறனில் அதற்கு 35 மீட்டர் தேவை. ஓட்டுநர் அபாயத்தைக் கண்டு காலை அழுத்துவதற்குள் கடக்கும் தூரம் இவற்றில் சேரவில்லை. பள்ளிக்கூட வாயிலுக்கு எதிரே அந்த 11 மீட்டர் வேறுபாட்டில் ஒரு குழந்தையின் உயிர் அடங்கியிருக்கலாம்.

சோதனை காணாதவை

சோதனையில் எந்த உறுப்பும் பிரித்துப் பார்க்கப்படுவதில்லை. பிரிட்டனின் எம்.ஓ.டி. சோதனை எஞ்சின், கிளச்சு, கியர்ப் பெட்டி ஆகியவற்றின் நிலையை ஆராய்வதே இல்லை. சாலையில் பிறருக்கு அபாயம் விளைவிக்கக் கூடியவற்றைக் கண்டுபிடிப்பதே அதன் நோக்கம். வாங்குபவரின் பணத்தைக் காப்பது அதன் வேலையன்று. ஆகையால் சோதனையில் தேறிய காரின் எஞ்சின் மறுவாரமே பழுதுபட்டால், சோதனை பொய்த்தது என்று கூறுவது பொருந்தாது.

ஆனால் அபாயம் தருவனவற்றிலும் சில, சோதனைக்குப் புலப்படாமல் போகின்றன. பிரேக்குத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 எனப்படும் வகைத் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கலாகாது என்பது தர விதி. ஈரம் ஏறிய நிலையில் இவ்வரம்பு 140 டிகிரி மட்டுமே. பல ஆண்டுகள் மாற்றப்படாத திரவத்தோடு மலைப்பாதையில் இறங்கும்போது, ஓயாமல் பிரேக்குப் பிடிப்பதால் சூடேறித் திரவம் ஆவியாகிறது. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். ஆகவே மிதித்த கால் தரைவரை இறங்கியும் வண்டி நிற்காது. சோதனை உருளையின் மேல் சில விநாடிகள், குளிர்ந்த நிலையில் அழுத்தப்பட்ட அதே பிரேக்கு முழுத் திறனோடு வேலை செய்திருக்கும்.

தேர்ச்சி விகிதமும் அதன் பொருளும்

எந்த வகைக் கார் அதிகமாகத் தேறுகிறது என்ற புள்ளிவிவரத்தைக் கொண்டு, எது நம்பகமானது என்று தீர்மானிக்கும் வழக்கமும் உண்டு. பிரிட்டனில் எம்.ஓ.டி. சோதனை 1960இல் தொடங்கியது. முதலில் 10 ஆண்டு கடந்த வண்டிகளுக்கே அது இருந்தது. 1967இல் 3 ஆண்டு கடந்தவை யாவும் அதற்குட்பட்டன. ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் சேரும் அந்த முடிவுகள் இன்று பொதுமக்களின் பார்வைக்குக் கிடைக்கின்றன. அவற்றிலிருந்து வகைவாரியாகத் தேர்ச்சி விகிதம் கணக்கிடுவது எளிது. அதன் பொருளை உணர்வது அவ்வளவு எளிதன்று.

விளக்கு ஒன்று எரியாமல் தவறிய காரும், பிரேக்குக் குழாய் துருவால் அரித்துத் தவறிய காரும் அக்கணக்கில் சமமே. சோதனைக்கு முன்தினம் பட்டறையில் பழுது பார்க்கப்பட்ட கார் தேறுகிறது. அதனால் விகிதம் வண்டியின் தரத்தோடு உடையவரின் கவனத்தையும் அளந்துவிடுகிறது. சிறு கார்கள் பலவும் மூன்றாம், நான்காம் கைக்குப் போய், செலவைத் தள்ளிப்போடும் நிலையிலுள்ளவர்களிடம் சேர்வதால், அவற்றின் விகிதம் இறங்கித் தோன்றக் கூடும். மிக மோசமான வண்டிகள் முன்னரே காயலான் கடைக்குப் போய்விடுவதால், எஞ்சிய பழைய வண்டிகளின் விகிதம் உயர்ந்து தோன்றுவதும் உண்டு. ஆகவே அப்புள்ளிவிவரத்தை, வயதும் ஓடிய தூரமும் ஒத்த வண்டிகளுக்கிடையே மட்டும் ஒப்பிடுவதே முறையாகும்.

செய்ய வேண்டுவது

பிரிட்டனின் ஏற்பாட்டில் இந்தியா பின்பற்றத்தக்கது வேறொன்று உண்டு. பதிவு எண்ணைக் கொடுத்தால், குறிப்பிட்ட கார் முன்பு எந்தெந்த நாளில் தேறியது, எதனால் தவறியது, அப்போது எவ்வளவு தூரம் ஓடியிருந்தது, எந்த உறுப்பு தேய்ந்து வருவதாக எச்சரிக்கப்பட்டது என்பன யாவற்றையும் எவரும் கட்டணமின்றிக் காணலாம். தூரமானியைப் பின்னோக்கித் திருப்பிய ஏமாற்று அங்கே எளிதில் அகப்பட்டுவிடும். ஒரு மாணவனை ஒரே தேர்வைக் கொண்டு எடைபோடாமல் ஆண்டு முழுவதற்குமான மதிப்பெண்களைப் பார்ப்பது ஆசிரியரின் வழக்கம். ஒரு நாள் மழையைக் கொண்டு பருவத்தைக் கணிப்பதில்லை என்பது கள ஊழியருக்குத் தெரிந்ததே. காருக்கும் இதுவே முறை. ஒரு நாளைய சான்றைவிடத் தொடர்ந்த வரலாறே நம்பத்தக்கது.

இந்தியாவில் தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கான விதிகள் 2021 செப்டம்பரில் வெளியிடப்பட்டன. கண்ணால் பார்த்துக் கையெழுத்திடும் வழக்கத்திற்குப் பதிலாகக் கருவியால் அளப்பதும், சோதனை நிலையம் நடத்துவோர் பழுது பார்க்கும் தொழிலிலோ வண்டி விற்பனையிலோ ஈடுபடலாகாது என்பதும் அவற்றின் சிறந்த அம்சங்கள். இவற்றோடு மேலும் மூன்று வேண்டும். முதலாவது, கருவி காட்டிய எண்கள் வாகன் பதிவேட்டில் சேர்ந்து, வாங்குவோர் எவருக்கும் தெரிய வேண்டும். இரண்டாவது, தேறிய வண்டிகளில் சிலவற்றைப் பொறுக்கியெடுத்து, சில நாட்களுக்குள் வேறு நிலையத்தில் மறுபடி சோதித்து, இரு முடிவுகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை வெளியிட வேண்டும். சோதனையைச் சோதிப்பதற்கு இதைவிட நேரான வழி இல்லை. மூன்றாவது, சொந்தக் கார்களுக்கு 15ஆம் ஆண்டு வரை காத்திராமல், கைமாறும் சமயத்திலாவது ஒரு சோதனை நடைபெற வேண்டும்.

இது எளியவர் தலையில் மற்றொரு செலவைச் சுமத்தும் என்ற ஆட்சேபம் எழலாம். அது புறக்கணிக்கத்தக்கதன்று. நல்ல வண்டியைத் தவறாகத் தள்ளும் சோதனை ஏழையின் பணத்தையும், சோதனையின்மீது மக்கள் கொண்ட நம்பிக்கையையும் ஒருங்கே அழிக்கும். ஆனால் அளக்கப்படாத பிரேக்கோடு கார் வாங்கி, அதன் குறையைச் சாலையில் கண்டறிபவர்களும் அந்த எளியவர்களே. குறைந்த கட்டணமும், எண்களை ஒளிக்காத முடிவும் அவர்களுக்கு நன்மையே செய்யும்.

அந்த ஏற்பாடு வரும்வரை ஊழியர்களும் ஆசிரியர்களும் தாமே செய்யக் கூடியவை பல. சான்றைக் கேட்பதோடு நில்லாமல் சோதனை எண்களையும், பட்டறைச் சீட்டுகளையும் கேட்கலாம். டயரின் பள்ளம் சட்ட வரம்பாகிய 1.6 மில்லிமீட்டருக்கு எவ்வளவு மேலே உள்ளது என்று சிறு அளவுகோலால் பார்க்கலாம். பிரேக்குத் திரவம் கடைசியாக மாற்றப்பட்ட நாள் தெரியாவிடில் வாங்கிய வாரமே மாற்றிவிடலாம். பள்ளியில், ஒரே பொருளைப் பத்து முறை அளந்து, பத்து விடைகளும் ஏன் சிறிது மாறுபடுகின்றன என்று மாணவரைச் சிந்திக்கச் செய்யலாம். அப்பாடத்தை நன்கு உணர்ந்த மாணவன், நாளை ஒரு காரை வாங்கும்போது, "தேறியதா?" என்று கேட்டுவிட்டு, "எவ்வளவில் தேறியது?" என்றும் கேட்பான்.