பின்னாடி ஸ்பிரிங் வெச்ச சைக்கிள் வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

கியர் சைக்கிள் கடைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணை இழுப்பது, சீட்டுக்குக் கீழே பெரிய ஸ்பிரிங் வைத்த 'டபுள் சஸ்பென்ஷன்' மாடல்தான். பார்க்கவே கெத்து. சீட்டை அமுக்கினால் மெத்தை மாதிரி இறங்கும். நானும் அதில் மயங்கி ஒன்றை வாங்கினேன். முதல் வாரமே மேம்பாலம் ஏறும்போது மூச்சு வாங்கியது. 'நமக்கு ஸ்டாமினா இல்லை போல' என்று நினைத்து, மூன்றே மாதத்தில் சைக்கிளை மாடிப்படிக்குக் கீழே தள்ளிவிட்டேன். தப்பு என் கால் மேல் மட்டும் இல்லை, அந்த ஸ்பிரிங் மேலும்தான் என்பது பிறகுதான் புரிந்தது.

பின்பக்க சஸ்பென்ஷன் எதுக்கு?

சொகுசுக்கு மட்டும் இல்லை. மலைப்பாதையில் கல், மரவேர் மேல் சக்கரம் ஏறி இறங்கும்போது டயரைத் தரையை விட்டு எழும்பாமல் வைத்திருப்பதுதான் அதன் முக்கிய வேலை. டயர் தரையில் இருந்தால்தான் கிரிப் கிடைக்கும், பிரேக்கும் பிடிக்கும்.

இதற்கு இரண்டு விஷயங்கள் வேண்டும். ஒன்று, அடியை வாங்கிக்கொள்ளும் ஸ்பிரிங். இன்னொன்று, டேம்பர். சின்னத் துளைகள் வழியாக ஆயிலைத் தள்ளி, ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குவது இதுதான். டேம்பர் இல்லை என்றால், வாங்கிய அடியை ஸ்பிரிங் அப்படியே நம்மிடம் திருப்பிக் கொடுத்துவிடும்.

மிதிச்சா ஏன் ஆடுது?

ஒவ்வொரு மிதிக்கும் ஸ்பிரிங் அமுங்கி எழும். நம் உழைப்பில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். இதற்கு 'பெடல் பாப்' என்று பெயர். நல்ல டிசைனில் பின்பக்கம் அசையும் மூட்டை, அதாவது பிவட்டை, சரியான இடத்தில் வைத்து, செயினின் இழுவையை வைத்தே இந்த அமுங்கலைக் குறைப்பார்கள். பிவட்டின் இடம் அவ்வளவு முக்கியம். ஹார்ஸ்ட் லைட்னர் உருவாக்கிய 'ஹார்ஸ்ட் லிங்க்' டிசைனில், பின்சக்கர அச்சுக்குச் சற்று முன்னால் ஒரு பிவட் இருக்கும். பிரேக் பிடிக்கும்போதும் சஸ்பென்ஷன் இறுகாமல் வேலை செய்ய இது உதவுகிறது. அதன் காப்புரிமையை ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் 1998-ல் விலைக்கு வாங்கியது என்றால் மதிப்பைப் புரிந்துகொள்ளலாம்.

பட்ஜெட் சைக்கிளில் என்ன நடக்குது?

பெரும்பாலும் டேம்பரே இல்லாத வெறும் ஸ்பிரிங்தான் இருக்கும். கூடவே கனமான ஃபிரேம். ஸ்பிரிங்குக்குப் போகிற காசு பிரேக், கியரின் தரத்தில் குறையும். ஆக, கூடுதல் எடையையும் ஆட்டத்தையும் காசு கொடுத்து வாங்குகிறோம்.

சஸ்பென்ஷனே வேஸ்ட் என்று சொல்லவில்லை. கரடுமுரடான மலையிறக்கத்தில் ஓட்டுபவர்களுக்கு அது அவசியம். அவர்கள் தங்கள் எடைக்கு ஏற்ப, உட்கார்ந்ததும் ஷாக் சுமார் 25 முதல் 30 சதவிகிதம் இறங்கும்படி செட் செய்வார்கள். அப்படி செட் செய்யவே வழியில்லாத ஸ்பிரிங், என்னைக் கேட்டால், வெறும் அலங்காரம்.

அப்போ எதை வாங்கலாம்?

கடையில் சீட்டை அமுக்கிச் சட்டென்று விடுங்கள். துள்ளி எழுந்து ஆடினால் டேம்பர் இல்லை என்று அர்த்தம். சைக்கிளை ஒரு தடவை கையில் தூக்கியும் பாருங்கள். ஆபீஸ், பீச், காலை ரைடுக்கு என்றால் பின்பக்க ஸ்பிரிங் இல்லாத சைக்கிளே போதும். கொஞ்சம் அகலமான டயர் போட்டு, டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவுக்குள் காற்றைச் சற்றுக் குறைத்து வைத்தாலே பள்ளம் மேடு பாதி தெரியாது.

நல்ல சைக்கிள் என்பது அடுத்த மாசமும் நாம் ஓட்டுகிற சைக்கிள். மாடிப்படிக்குக் கீழே கெத்தாக நிற்கிற சைக்கிள் இல்லை!