அந்தப் போத்தலில் ஒரு பெயர் எழுதியிருந்தால்

மூன்று வருடமாகிறது. இன்றைக்கும் துணிக்கடைக்குள் கால் வைக்க என்னால் ஏலாது. மடிப்புக் கலையாத புதுத் துணியின் வாசம் மூக்கில் பட்டதும் தொண்டை இறுகும், கண் கரிக்கும், கழுத்தெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பும். துணி சுருங்காமல் இருக்கப் பூசும் மருந்தில், அன்றைக்கு என் நெஞ்சுக்குள் போன அதே சாமான் கொஞ்சம் இருக்கிறதாம். மகளுக்குக் கூறை எடுக்க ரொறன்ரோவுக்குப் போனபோது, நான் பனிக்குள் நின்று கடைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்துத்தான் நிறம் சொன்னேன். பெற்றவளை அப்படி வாசலில் நிறுத்தி வைத்தது பெயர் எழுதாத ஒரு போத்தல்.

மொன்றியலுக்கு வந்த நாள் முதல் துப்புரவு வேலைதான். ஏஜென்சி சொன்ன இடத்துக்குப் போவேன். கடைசியாகப் போனது ஓர் ஆய்வுகூடம். பின்னேரம் ஐந்து மணிக்குப் படித்தவர்கள் எல்லாரும் கோட்டைக் கழற்றிக் கொளுவிவிட்டுப் போவார்கள். ஆறு மணிக்கு நான் வாளியோடு உள்ளே போவேன். அவர்களுக்குக் கண்ணாடி, கோட்டு, காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் பெட்டி. எனக்கு மரக்கறி வெட்டப் போடுகிற மெல்லிய லேட்டக்ஸ் கையுறை. ஒரே அறை, ஒரே சாமான்கள். இருட்டிய பிறகு அந்தச் சாமான்களின் குணம் மாறிவிடுமா?

அது ஒரு தை மாதம். சிங்குக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கலன், பாத்திரம் கழுவும் சவர்க்காரத் தண்ணி வந்த கலன். பாதிக்கு மேல் ஏதோ இருந்தது. பார்க்கப் பச்சைத் தண்ணி மாதிரி. சிங்குப் பக்கம் இருப்பதை ஊற்றிக் கழுவி வை என்பதுதான் எனக்குத் தந்த கட்டளை. சுடுதண்ணிக் குழாயைத் திறந்துவிட்டு ஊற்றினேன்.

செத்தல் மிளகாயை நெருப்பில் கொட்டி, அந்தப் புகைக்குள் முகத்தைப் பிடித்துத் தள்ளினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. கண் திறக்கேலாது, மூச்சு உள்ளே போகாது. சுவரைத் தடவித் தடவிக் கழிவறைக்கு ஓடி முகம் கழுவினேன். பிறகுதான் தெரிந்தது, அந்தச் சிங்கிலிருந்து நாலே எட்டில் கண் கழுவும் குழாய் இருந்தது. பச்சைக் கைப்பிடியைத் தள்ளினால் தண்ணி பாயும். 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். அந்தக் கைப்பிடியை நான் எத்தனையோ இரவு பளபளவென்று துடைத்திருக்கிறேன். அது எதற்கென்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

அந்தக் கலனில் இருந்தது ஃபோர்மலின். ஆஸ்பத்திரியில் பிணம் பழுதாகாமல் வைக்கப் பாவிக்கிற தண்ணி. ஃபோர்மல்டிஹைட் என்ற வாயுவைத் தண்ணியில் கரைத்தது. சூடு பட்டால் அந்த வாயு குபீரென்று கிளம்பும். நானே சுடுதண்ணியைத் திறந்து எழுப்பிவிட்டேன்.

மகன் அதற்குரிய பாதுகாப்புத் தாளை இறக்கிக் குசினி மேசையில் வைத்து எனக்கு வாசித்துக் காட்டினான். பதினாறு பகுதி. நாலாவது முதலுதவி, ஏழாவது எப்படிக் கையாள்வது, எங்கே வைப்பது, எட்டாவது என்ன அணிவது, பதின்மூன்றாவது எப்படி அப்புறப்படுத்துவது. அமிலத்துக்குப் பக்கத்தில் வைக்காதே. மூடியை இறுக்கு. நைட்ரைல் கையுறை போடு. சாதாரண முகமூடி வாயுவை மறிக்காது. சிங்கில் ஊற்றாதே, தனிக் கலனில் சேர்த்து உரிமம் உள்ளவர்களிடம் கொடு. வாசிக்க வாசிக்க எனக்கு அழுகைதான் வந்தது. எல்லாம் தெரிந்திருக்கிறது! எழுதிக்கூட வைத்திருக்கிறார்கள்! அந்த அறையில் நின்று கலனைத் தூக்கப் போகிற ஒருத்திக்கு மட்டும் சொல்லவில்லை.

சட்டம் இல்லாத நாடென்றால் விதி என்று விட்டிருப்பேன். வேலையிடத்து ஆபத்துப் பொருட்களுக்கான விதிமுறை, கியூபெக்கில் சிம்டுட் என்கிறார்கள், 1988 ஒக்டோபர் 31 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாங்கின போத்தலில் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் லேபல் இருக்க வேண்டும். இன்னொரு கலனுக்கு மாற்றினால் அதிலும் பெயரும் எச்சரிக்கையும் எழுத வேண்டும். அதற்கு என்ன செலவு? ஒரு துண்டுக் கடதாசி, ஒரு பேனா. படித்துப் பட்டம் எடுத்த கையால் ஒரு சொல் எழுத நேரமில்லாமல் போனதா, அல்லது இரவில் யார் வருகிறார்கள் என்ற நினைப்பே இல்லையா?

என்னை மிகவும் நோகடித்தது வெள்ளைக்காரன் இல்லை. ஏஜென்சியில் எங்களை மேய்க்கிறவர் எங்கட ஆள்தான், கோயிலில் ஒரே வரிசையில் நின்று கும்பிடுகிறவர். “அக்கா, உதைப் பெரிசாக்காதேங்கோ. சும்மா எரிச்சல் தாற சாமான்தானே. கொன்ட்ராக்ட் பறிபோனால் எங்கட சனம் இருபது பேர் வீட்டில இருக்கோணும்” என்றார்.

எரிச்சல் தாற சாமான்! உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை 2004இலேயே இதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. 2018இல் கேரள எல்லையில் ஃபோர்மலின் போட்ட மீனைப் பிடித்தபோது எங்கட ஊர்க்காரர் எல்லாரும் பதறினார்கள், ஃபோன் எடுத்து மீன் வாங்காதேங்கோ என்றார்கள். தட்டில் வந்தால் நஞ்சு, என் நெஞ்சுக்குள் போனால் எரிச்சலா தம்பி?

விசாரித்தார்கள். துப்புரவாளர் அனுமதியில்லாமல் கலனைத் தொட்டார் என்று அறிக்கை எழுதினார்கள். கலனை அங்கே வைத்தவரைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. அடுத்த கிழமை சிங்குக்கு மேலே, துப்புரவாளர்கள் தொடக்கூடாது என்று இரண்டு மொழியில் அட்டை ஒட்டினார்கள். தொடாதே என்று எனக்கு எழுதத் தெரிந்தவர்களுக்கு, இங்கே வைக்காதே என்று தங்கள் ஆட்களுக்கு எழுதத் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஏஜென்சியிலிருந்து எனக்கு அழைப்பு வரவில்லை. நிறுத்தினோம் என்றும் சொல்லவில்லை.

கோட்-டெ-நெஜில் குடிவந்த தொழிலாளர்களுக்கென்று 2000இல் தொடங்கிய மையம் ஒன்று இருக்கிறது. காலம் கடந்துதான் போனேன். அங்கே இருந்த ஒரு வயதான மனுசி பழைய கதை சொன்னார். 1988 ஓகஸ்ட் 23, ஆற்றுக்கு அக்கரையில் சென்-பசீல்-லெ-கிரான் என்ற ஊரில், பிசிபி எண்ணெய்க் கழிவை அடுக்கி வைத்திருந்த கிடங்கு எரிந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சனம் 18 நாள் வீடு திரும்ப முடியவில்லை. அடுத்த வருடம் அந்தக் கழிவைக் கப்பலில் ஏற்றி பிரித்தானியாவுக்கு அனுப்பினார்கள். லிவர்பூல் துறைமுகத் தொழிலாளர்கள் இறக்க மாட்டோம் என்றார்கள். கப்பல் கியூபெக்குக்கே திரும்பி வந்தது.

எனக்குப் பொறாமையாக இருந்தது. கப்பலில் என்ன வருகிறதென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அதனால் மாட்டோம் என்று சொல்ல முடிந்தது. எனக்கும் அந்த உரிமை இருந்ததாம். 1979ஆம் ஆண்டுக் கியூபெக் சட்டத்தின் பன்னிரண்டாம் பிரிவு, ஆபத்தென்று நியாயமாக நம்பினால் வேலையை மறுக்கலாம் என்கிறது. பச்சைத் தண்ணி என்று நினைத்ததை நான் எப்படி மறுப்பேன்?

போன கிழமை இரவு ஃபோன் வந்தது. என் இடத்துக்குப் போகிற பிள்ளை, வவுனியாவிலிருந்து வந்தவள், அகதி வழக்கு இன்னும் முடியவில்லை.

“அன்ரி, சிங்குக்குப் பக்கத்தில ஒரு கலன் இருக்கு. பேர் ஒண்டும் எழுதேல்லை. என்ன செய்ய?”

தொடாதே, மூடியைத் திறக்காதே, படம் எடுத்து வை, வெளியே வந்து கதவைச் சாத்து என்று கத்தினேன். பன்னிரண்டாம் பிரிவையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“இண்டைக்குக் கழுவாமல் விட்டால் நாளைக்கு வரச் சொல்லுவினமோ அன்ரி?” என்று கேட்டாள்.