புது டி.வி.யைப் பழக்கலாம், வாங்க!

சகோதரிகளே, புது மண்சட்டி வாங்கினால் அப்படியே அடுப்பில் ஏற்றிவிடுகிறோமா? வடிகஞ்சி ஊற்றி ஊறவைத்து, ஒரு கொதி விட்டு, அப்புறம்தான் குழம்பு வைக்கிறோம். இரும்புத் தோசைக்கல்லையும் எண்ணெய் தடவி, வெங்காயம் தேய்த்துப் பழக்கித்தான் எடுக்கிறோம். ஆனால் ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய டி.வி.யை மட்டும், கடைப் பையன் சுவரில் மாட்டிவிட்டுப் போனது போனபடியே வருஷக்கணக்கில் பார்க்கிறோம். அதற்கும் ஒரு பக்குவம் உண்டு. அரை மணி நேர வேலைதான். கண்ணுக்கு இதம், கரண்ட் செலவிலும் கொஞ்சம் மிச்சம்.

பழக்குவது எதற்கு?

டி.வி.யைப் பழக்க வேண்டும் என்ற பேச்சு பிளாஸ்மா டி.வி. காலத்தில் பலமாக இருந்தது. 1964-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர், ஜீன் ஸ்லாட்டோ, ராபர்ட் வில்சன் என்ற மூவர் கண்டுபிடித்த திரை அது. கண்ணாடிக்குள் கண்ணுக்கே தெரியாத குட்டிக் குட்டி அறைகள். அவற்றில் நியான், செனான் வாயு. மின்சாரம் பாய்ந்ததும் நம் வீட்டு ட்யூப் லைட் மாதிரியே உள்ளே பூசியிருக்கும் பாஸ்பர் ஒளிரும். இந்தப் பூச்சு புதுசில் கொஞ்சம் வேகமாகத் தேயும். அந்தச் சமயத்தில் ஒரே சேனலை நாள் முழுக்க ஓடவிட்டால், மூலையில் இருக்கும் சேனல் சின்னம் திரையில் நிழலாகப் படிந்துவிடும். அதனால்தான் முதல் 100, 200 மணி நேரம் வெளிச்சத்தை மட்டாக வைத்து, சேனலை மாற்றி மாற்றிப் பார்க்கச் சொன்னார்கள்.

பானசோனிக் 2013-லும், சாம்சங், எல்.ஜி. 2014-லும் பிளாஸ்மா தயாரிப்பை நிறுத்திவிட்டன. இப்போது கடையில் பெரும்பாலும் கிடைக்கும் எல்.இ.டி. டி.வி.க்கு இந்தப் பத்தியம் தேவையில்லை. விலை கூடிய ஓ.எல்.இ.டி. வாங்கியவர்கள் மட்டும் சேனல் சின்னம், அடியில் ஓடும் செய்தி வரி இவற்றில் எச்சரிக்கையாக இருங்கள். பார்த்து முடித்ததும் ரிமோட்டில் அணையுங்கள். சுவர் சுவிட்சை உடனே அணைக்க வேண்டாம். அணைத்த பிறகுதான் அது திரையைத் தானே சரிசெய்துகொள்ளும்.

கடை வேறு, கூடம் வேறு

எல்.இ.டி.க்குப் பழக்கம் வேண்டாம் என்றாலும், நம் வீட்டுக்குத் தக்கபடி திருத்தம் கட்டாயம் வேண்டும். எங்கள் மாயவரத்தில் பட்டமங்கலத் தெருக் கடைகளில் பாருங்கள். பகல் போல விளக்குகள் எரிய, வரிசையாக டி.வி.க்கள். எது பளிச்சென்று இருக்கிறதோ அதுதான் கண்ணை இழுக்கும். அதற்கென்றே 'விவிட்', 'டைனமிக்' என்று ஒரு அமைப்பு உண்டு. வெள்ளை நீலம் பாய்ந்து, பச்சை பெயின்ட் அடித்தாற்போல் இருக்கும். நம் கூடத்தில் ராத்திரி ஒரு விளக்கு வெளிச்சத்தில் அது எதற்கு?

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15-ல். அந்தக் கறுப்பு-வெள்ளைப் பெட்டிகளில் வெளிச்சத்துக்கும் கான்ட்ராஸ்ட்டுக்கும் திருகு வெளியிலேயே இருக்கும். ஆண்கள் மாடியில் ஆன்டெனாவைத் திருப்ப, பெண்கள் திருகைத் திருகி முகம் தெளிவாகிற இடத்தில் நிறுத்துவோம். இப்போது அந்தத் திருகெல்லாம் ரிமோட் மெனுவுக்குள் ஒளிந்துவிட்டது. அதனால்தான் யாரும் தொடுவதில்லை.

அத்தைக்குக் கண் கூசியது

என் மாமியாருக்கு எழுபத்தாறு வயது. கண்புரை ஆபரேஷன் ஆகி நான்கு மாதத்தில் புது டி.வி. வந்தது. இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் சீரியல் நேரத்தில் எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார். "ஏன் அத்தை, பார்க்கலியா?" என்றேன். "முகமெல்லாம் நீலம் பூத்தாப்ல இருக்கும்மா. வெளிச்சம் கண்ணைக் குத்துது. நீங்க பாருங்க" என்றார். வீடே கூடத்தில் உட்கார்ந்து சிரிக்க, பெரியவர் ஒருத்தர் மட்டும் வாசலில் கொசுக்கடியில் உட்கார்ந்திருந்தால் மனசுக்கு எப்படி இருக்கும்?

கண் டாக்டரிடம் காட்டினோம். கண்ணில் கோளாறு ஒன்றுமில்லை. வயதானால் கண்ணின் லென்ஸ் பழுத்து மஞ்சளாகி, நீல ஒளியைப் பாதி தடுத்துவிடுமாம். ஆபரேஷனில் அதை எடுத்துவிட்டுத் தெளிந்த லென்ஸ் வைப்பதால், பழையபடி நீலம் முழுசாகத் தெரியும். டி.வி.யும் நீலமாக இருந்தால் கேட்க வேண்டுமா! அன்று சாயங்காலமே ரிமோட்டை எடுத்து உட்கார்ந்தேன். நான் செய்த வரிசை இதுதான்:

1. முதலில் 'பிக்சர் மோட்'. 'விவிட்' இருந்தால் 'ஸ்டாண்டர்ட்' அல்லது 'சினிமா'வுக்கு மாற்றுங்கள். புதிதாக மாட்டும்போது 'வீடா, கடையா' என்று டி.வி. கேட்டால் 'ஹோம்' என்று கொடுக்கச் சொல்லுங்கள்.

2. 'கலர் டெம்பரேச்சர்' என்ற இடத்தில் 'வார்ம்'. முதல் நாள் மஞ்சளடித்தாற்போல் தோன்றும். இரண்டு மூன்று நாளில் கண் பழகிவிடும்.

3. 'பேக்லைட்' என்பது திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு. ராத்திரிக்குப் பாதி போதும். கரண்ட் மிச்சமாவது இதில்தான்.

4. 'பிரைட்னஸ்' பெரும்பாலான டி.வி.க்களில் கறுப்பைத்தான் மாற்றும். நடிகையின் பின்னலைப் பாருங்கள். மை கொட்டினாற்போல் ஒரே கறுப்பாக இருந்தால் கொஞ்சம் ஏற்றுங்கள். சாம்பல் பூத்திருந்தால் இறக்குங்கள்.

5. 'கான்ட்ராஸ்ட்' வெள்ளைக்கு. வெள்ளை வேட்டியின் மடிப்பும், தலையில் வைத்த முல்லைச் சரத்தின் ஒவ்வொரு மொட்டும் தனித்தனியாகத் தெரிகிற அளவு.

6. 'கலர்' முகத்தைப் பார்த்து வையுங்கள். மாநிறம் மாநிறமாக இருக்க வேண்டும். வயல் காட்சி வந்தால் நமக்குச் சொல்லித்தர வேண்டுமா? நாற்றின் பச்சை ஒன்று, கதிர் வாங்கிய பயிரின் பச்சை ஒன்று. இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் கலர் ஜாஸ்தி.

7. 'ஷார்ப்னஸ்' குறைவாக இருக்கட்டும். எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடினால் அது தெளிவு இல்லை, டி.வி. தானாகச் சேர்ப்பது.

8. பழைய படங்களில் முகம் அகலமாகத் தெரிகிறதா? 1948-ல் வந்த 'சந்திரலேகா' போன்ற படங்கள் ஏறக்குறையச் சதுரமான திரைக்கு எடுத்தவை. இழுத்து நிரப்பாமல் 4:3-ல் வையுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் வரட்டும்.

எல்லாம் முடித்து, "அத்தை, இப்ப வந்து பாருங்க" என்றேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, "இப்பதான் மனுஷ முகமா இருக்கு" என்று சாய்வு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

எங்கே மாட்டுவது?

முற்றம் வைத்த வீடுகளில் முற்றத்தைப் பார்த்தபடி டி.வி.யை மாட்டாதீர்கள். மத்தியான வெயில் திரையில் விழுந்தால் வெளிச்சத்தைக் கூட்டத்தான் தோன்றும். பக்கவாட்டுச் சுவர்தான் சரி. உட்கார்ந்தால் திரையின் நடுப்பகுதி கண்ணுக்கு நேரே இருக்க வேண்டும். அண்ணாந்து பார்த்தால் கழுத்துவலி நிச்சயம். 43 அங்குல டி.வி.க்கு ஐந்தரை அடியாவது தள்ளி உட்காருங்கள். ராத்திரி கூடத்தை இருட்டாக்க வேண்டாம், ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

இளம் தாய்மார்களுக்கு ஒன்று. கிட்டே உட்கார்ந்து பார்த்தால் கண் கெட்டுவிடும் என்று குழந்தையை அதட்டுகிறோம். அப்படிக் கெட்டுவிடாது. ஆனால் கண் சிமிட்டுவது குறைந்து கண் வறளும், களைக்கும். எத்தனை முறை இழுத்து உட்காரவைத்தாலும் குழந்தை திரைக்குக் கிட்டேயே போகிறது என்றால் அதட்டாதீர்கள். தூரத்தில் இருப்பது அதற்குத் தெரியாமல் இருக்கலாம், கண் டாக்டரிடம் காட்டுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது: இரண்டு வயது முடியாத குழந்தைக்குத் திரையே வேண்டாம், நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. சோறு ஊட்ட டி.வி.யைப் போடுகிற வழக்கத்தை விட்டுப் பாருங்கள்.

பராமரிப்பு

திரையைத் தண்ணீர் தெளித்துத் துடைக்கக் கூடாது. அணைத்து, சூடு ஆறியதும், நைந்த பருத்தி வேட்டித் துணியால் மெதுவாகத் தூசி தட்டினால் போதும். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் ஓரச் சட்டத்தில் வையுங்கள், திரையில் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையும் கழற்றுங்கள், கேபிள் அல்லது டிஷ் வயரையும் கழற்றுங்கள். அந்த வயர் வழியாகவும் மின்னல் வரும்.

கடைசியாக, நீங்கள் வைத்த எண்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிவையுங்கள். லீவுக்கு வருகிற பிள்ளைகள் எதையாவது அமுக்கி மாற்றிவிட்டுப் போனாலும் ஐந்து நிமிஷத்தில் பழையபடி வைத்துவிடலாம்.