முன்பல்லும் நாநுனியும்

பிடுங்கிய முன்பல்லின் குழியிலேயே டைட்டானியம் இம்பிளான்ட் பொருத்தி, அன்றே ‘இயற்கையான தோற்றம்’ தருவதாகப் பல் மருத்துவ விளம்பரங்கள் கூறுகின்றன. ஆயத்த ஆடைத் தொழிலாளரும் மென்பொருள் ஊழியரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் பெங்களூரின் பொம்மனஹள்ளியில் இதன் ஈர்ப்பு எளிதில் விளங்கக்கூடியதே. முன்பல் இழந்தவர் எத்தனை நாள் வாயைக் கையால் மறைத்துப் பேசுவார்? ஆனால் ‘இயற்கை’யைக் கண்ணாடியும் ஒளிப்படமுமே தீர்மானிக்கின்றன, செவியின் தீர்ப்பை எவரும் கேட்பதில்லை.

தொல்காப்பியத்தின் பிறப்பியல், தகர நகரங்களின் பிறப்பிடமாக மேற்பல்லின் அடியைச் சுட்டுகிறது. வகரத்துக்குப் பல்லும் இதழும் இயைய வேண்டும் என்கிறது. த, ற, ட மூன்றையும் வெவ்வேறு இடங்களில் ஒலிக்கும் மொழியில் புதிய பல்லின் உட்புறம் சற்றுத் தடித்தாலும் நாநுனி தடுமாறும். முனை நீண்டால் வகரம் சிதையும். பல் மருத்துவம் இதை அறியாததன்று. ‘எஃப்’, ‘வி’ ஒலிகளைச் சொல்லச் செய்து மேல் முன்பல்லின் நீளத்தைச் சரிபார்ப்பது பழைய முறையே. எனினும் சோதனைச் சொற்கள் ஆங்கிலப் பாடநூல்களுக்குரியவை. தமிழ் மட்டுமே பேசும் தையல் தொழிலாளியை ‘ஃபிஃப்டி ஃபைவ்’ என்று சொல்லச் செய்து அவருடைய அன்றாடப் பேச்சை எவ்வாறு அறிவது? ‘தந்தாள்’, ‘நத்தை’, ‘வவ்வால்’ போதும்; அரை நிமிட வேலை.

அதற்குரிய காலம் தற்காலிகப் பல் இருக்கும் மாதங்களே. ‘உடனடி’ என்னும் சொல் மறைப்பதும் அம்மாதங்களைத்தான். ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரோனெமார்க் 1965இல் முதல் நோயாளிக்கு டைட்டானியம் வேர்களைப் பொருத்தினார். அவர் வகுத்த முறையில் கீழ்த்தாடைக்கு ஏறத்தாழ 3 மாதம், மேல்தாடைக்கு 6 மாதம் காத்திருக்க வேண்டும். இன்று அதே நாளில் தற்காலிகப் பல்லை வைக்க முடிகிறது; எலும்பு இறுகுவதற்கோ இன்றும் மாதங்கள் ஆகின்றன. அதுவரை எதிர்ப்பல்லில் மோதாதவாறு அப்பல்லைக் குறைத்தே வைக்கின்றனர்; அதனால் கடிக்கக் கூடாது. மேல் முன்பற்களின் வெளிப்புற எலும்புச்சுவர் பெரும்பாலோருக்கு 1 மில்லிமீட்டரினும் மெல்லியது. பல் அகன்றபின் அது கரைகிறது. உடனடியாகப் பொருத்துவதால் மட்டும் அக்கரைவு நிற்பதில்லை. ஈறு மேலேறினால் விளம்பரம் உறுதியளித்த தோற்றமும் போய்விடும். கட்டணம் பேசும்போதே இவற்றை நோயாளியின் மொழியில் சொல்வது மருத்துவரின் கடமை.

மொழியியலாளருக்கும் இதில் பங்குண்டு. பேச்சு, செவிப்புலன் ஆய்வுக்கென்றே அகில இந்திய நிறுவனம் மைசூரில் இருக்கிறது. பெங்களூரில் பல் மருத்துவக் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. தமிழ், கன்னடம், தெலுங்கு ஒவ்வொன்றுக்கும் இருபது சொற்கள் கொண்ட சோதனைப் பட்டியலை இரு துறையினரும் சேர்ந்து அமைக்க ஒரு பருவமே போதும். அதை முதுகலை மாணவரின் ஆய்வேடாகவே தொடங்கலாம்.