தட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்!

விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் வாங்குகிறவர்கள் ஒரு காரியம் செய்வார்கள். கோப்பையை இடது கையில் ஏந்திக்கொண்டு, வலது கை விரலால் ஒரு சுண்டு சுண்டுவார்கள். "ணங்" என்று கேட்டால் நல்ல சரக்கு. "டப்" என்று கேட்டால் உள்ளே கீறல். கண்ணுக்குத் தெரியாத கீறல் காதுக்குத் தெரிந்துவிடும்!

சுண்டிப் பார்க்காமல் விலை பேசுகிறவனை இந்த ஊரில் யாரும் வியாபாரி என்று மதிக்க மாட்டார்கள்.

அப்பேர்ப்பட்ட ஊரிலேயே, சுண்டிப் பார்க்காத ஒரு சரக்கைப் பற்றிக் காரசாரமான வாதம்! சரக்கின் பெயர் சிம்பொனி. செய்தவர் இளையராஜா.

ஜங்ஷன் பக்கம் டீக்கடை. செராமிக் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் பெஞ்சில். ரேடியோவில் பழைய பாட்டு.

"ராஜா சார் பண்ணதுக்கு ஈடு உண்டாண்ணே? முப்பத்தி நாலே நாள்ல சிம்பொனி எழுதிட்டாரு!"

"அவசரமா சுட்ட பாண்டம் நிக்குமாடா? அதுவுமில்லாம, நம்மாளுக்கு எதுக்கு வெள்ளைக்காரன்கிட்ட சர்டிபிகேட்டு?"

"முதல் இந்தியர்ணே அவரு!"

"சரிப்பா. நீ அதைக் கேட்டியா?"

பதில் இல்லை. கடைசியில், "செல்போன்ல ஒரு நிமிசம் வந்துச்சு" என்றார் தம்பி. "அதுகூட நான் கேக்கல" என்றார் அண்ணன்.

வாதம் மட்டும் ஓயவில்லை!

நடந்தது என்ன?

2025 மார்ச் 8ம் தேதி. லண்டன் நகரின் மேற்கே ஹாமர்ஸ்மித்தில் உள்ள ஈவென்டிம் அப்பல்லோ அரங்கம். அங்கே ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவினர், இளையராஜாவின் முதல் எண் சிம்பொனியான "வேலியண்ட்"டை அரங்கேற்றினார்கள். வேலியண்ட் என்றால் வீரமிக்க என்று பொருள். எழுத எடுத்த நாள் 34 என்று அவரே சொன்னார். போகும் முன் முதலமைச்சர் வீடு தேடிப் போய் வாழ்த்தினார். திரும்பியதும் பிரதமர் நேரில் அழைத்துப் பாராட்டினார். 2025 செப்டம்பர் 13ம் தேதி சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் தமிழக அரசே விழா எடுத்தது. அங்கும் அந்த இசை ஒலித்தது.

பண்ணைப்புரத்திலிருந்து கிளம்பி, அண்ணன் பாவலர் வரதராஜன் குழுவோடு ஊர் ஊராக ஆர்மோனியம் வாசித்த ஒருவர், எண்பதைத் தாண்டிய வயதில் செய்து காட்டிய காரியம் இது. பெருமைப்படாதவன் தமிழனா என்று கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் பெருமை வேறு, மதிப்பீடு வேறு. பிள்ளை பாஸ் பண்ணியதற்கு மிட்டாய் கொடுக்கலாம். எத்தனை மார்க் என்று கேட்பதும் தவறில்லையே!

34 நாள் கணக்கு

34 நாளில் எழுதியதால் உயர்ந்தது என்று ஒரு கட்சி. 34 நாளில் எழுதியதால் மட்டம் என்று எதிர்க்கட்சி. இரண்டும் தப்புக் கணக்கு.

ஆஸ்திரிய மேதை மொசார்ட் 1783ல் லின்ஸ் நகரத்துக்குப் போனார். கச்சேரிக்குக் கையில் சிம்பொனி இல்லை. சில நாளிலேயே ஒன்றை எழுதி வாசித்தார். இன்றும் உலகம் அதை வாசிக்கிறது. ஜெர்மனியின் பிராம்ஸ், தன் முதல் சிம்பொனியை முடிக்க ஏறக்குறைய 20 ஆண்டு எடுத்துக்கொண்டார். 1876ல் அரங்கேறிய அதையும் உலகம் வாசிக்கிறது.

சூளையில் எத்தனை நாள் வெந்தது என்று கோப்பையில் எழுதியா இருக்கிறது? டீ ஊற்றினால் ஒழுகுகிறதா என்பதுதான் கேள்வி.

"முதல்" மோகம்

அடுத்தது "முதல் இந்தியர்", "முதல் ஆசியர்" என்ற முழக்கம். இதில் கொஞ்சம் நிதானம் தேவை.

ஜப்பானின் கோசாகு யமாடா 1912லேயே சிம்பொனி எழுதிவிட்டார். பஞ்சாபில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய நரேஷ் சோகலின் படைப்புகளை 1970 முதலே லண்டனின் பெரிய இசைக்குழுக்கள் வாசித்திருக்கின்றன. சிதார் மேதை ரவிசங்கரின் சிம்பொனி 2010ல் லண்டனில் அரங்கேறியது. நம் எல். சுப்ரமணியமும் மேல்நாட்டு இசைக்குழுக்களுக்கு எழுதியவர்தான்.

இதையெல்லாம் சொன்னால் இளையராஜாவின் பெருமை குறைந்துவிடுமா? ஒரு குன்றிமணியும் குறையாது! ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்த ஒருவர், மேல்நாட்டு முறையில் முழு சிம்பொனியை வாத்தியம் வாத்தியமாகத் தானே எழுதி, லண்டனில் வாசிக்க வைத்தார் என்பது உண்மை. அந்த உண்மை போதும். பக்கத்தில் பொய்யை முட்டுக்கொடுத்தால், பொய் சாயும்போது உண்மைக்கும் அடிபடும்.

பாட்டு எங்கே?

"சிம்பொனின்னா என்னா சார்? பாட்டு வருமா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி.

சிம்பொனி என்பது பெரிய இசைக்குழு ஒன்றுக்காக எழுதப்படும் நீண்ட இசை. வழக்கமாக நான்கு பகுதி. வேகமாக ஒன்று, மெதுவாக ஒன்று, ஆட்ட நடையில் ஒன்று, முடிவில் மறுபடி வேகம். பெரும்பாலும் குரல் இல்லை. பீத்தோவன் 1824ல் தன் ஒன்பதாவது சிம்பொனியில் பாடகர்களைச் சேர்த்தது அந்த நாளில் பெரிய புதுமை.

2005ல் இளையராஜா வெளியிட்ட திருவாசக இசையை நம் ஜனங்கள் "திருவாசகம் சிம்பொனி" என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். ஹங்கேரியின் புடாபெஸ்ட் இசைக்குழு வாசித்தது. மாணிக்கவாசகர் கலந்த சிதம்பரம் இங்கிருந்து கூப்பிடு தூரம். அதனால் இந்தப் பக்கத்து வீடுகளில் அது விரும்பிக் கேட்கப்பட்டது. ஆனால் அது பாட்டும் குழுப்பாடலும் கலந்த வேறு வகை. ஆரட்டோரியோ என்பார்கள். அதைக் கேட்ட காதோடு வேலியண்டைத் தேடிப் போனால் "பாட்டே இல்லையே!" என்று ஏமாற்றம்தான் வரும்.

சிம்பொனியில் மெட்டு முக்கியம். அதைவிட முக்கியம், மெட்டை வைத்து என்ன செய்கிறார் என்பது. சின்ன ஒரு சொரக்கட்டு முதலில் வரும். பிறகு பிரியும், வேறு வாத்தியத்துக்குப் போகும், நிறம் மாறும், மோதும், கடைசியில் வீடு திரும்பும். நாதஸ்வரக்காரர் ஒரு ராகத்தை ஒரு மணி நேரம் விரிப்பதைத் தேரடியில் நின்று கேட்ட ஊருக்கு இது புரியாத சங்கதி அல்ல.

"சினிமா வாடை"

சில சங்கீத விமர்சகர்கள் கையில் ஒரு முத்திரை தயாராக இருக்கிறது. "சினிமாக்காரர் எழுதினால் பின்னணி இசை மாதிரிதான் இருக்கும்!"

ரஷ்யாவின் ஷோஸ்டகோவிச் 15 சிம்பொனி எழுதியவர். முப்பதுக்கும் மேற்பட்ட படங்களுக்கும் இசையமைத்தவர். அவரை யாரும் சினிமாக்காரர் என்று ஒதுக்கவில்லை. ஆகவே ஆளைப் பார்த்து முத்திரை குத்தக்கூடாது. "இந்த இடத்தில் கட்டு தளர்கிறது, இந்த இடத்தில் மெட்டு வளராமல் நிற்கிறது" என்று இடத்தைக் காட்டிச் சொன்னால் அது விமர்சனம். இல்லாவிட்டால் வெறும் வயிற்றெரிச்சல்.

ரசிகர்களுக்கும் அதே நியாயம்தான். இடத்தைக் காட்டிக் குறை சொல்கிறவரைத் "தமிழினத் துரோகி" என்று பாய்வது என்ன வழக்கம்? 1889ல் மாலர் என்பவரின் முதல் சிம்பொனி அதே புடாபெஸ்டில் எடுபடவில்லை. பின்னால் உலகப்புகழ் பெற்றது. அதற்காக எடுபடாததெல்லாம் நாளைக்கு எடுபடும் என்று அர்த்தமில்லை. கைதட்டல் வாங்கியதெல்லாம் நிலைக்கும் என்றும் அர்த்தமில்லை. திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் தீர்ப்பு.

"வெள்ளைக்காரன் வாத்தியம் நமக்கெதற்கு?" என்பதும் எடுபடாத பேச்சு. இன்று கர்நாடகக் கச்சேரியில் பக்கவாத்தியமாக உட்கார்ந்திருக்கும் வயலின் எங்கிருந்து வந்தது? பாலுசாமி தீட்சிதர் காலத்தில் வெள்ளைக்காரனிடமிருந்து வாங்கியதுதானே! அவருடைய அண்ணன் முத்துசாமி தீட்சிதர், பேண்டு மெட்டுகளுக்கே சமஸ்கிருத சாகித்யம் எழுதினார். வாங்கினோம், நமதாக்கினோம். அதில் வெட்கம் இல்லை.

கேட்க வழி எங்கே?

அப்படியானால் விருத்தாசலத்துக்காரர் திரும்பத் திரும்பக் கேட்க என்ன வழி? விவகாரமே இங்கேதான்!

லண்டனிலிருந்து திரும்பிய இளையராஜா, டவுன்லோடு செய்து கேட்க வேண்டாம், நேரில் கேட்க வேண்டும் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எண்பது பேர் சேர்ந்து எழுப்பும் ஒலியைக் கைப்பிடி அளவு செல்போனில் கேட்பது, கோபுரத்தைச் சாவித் துவாரம் வழியாகப் பார்க்கிற மாதிரி.

ஆனால் அப்பல்லோ அரங்கில் சுமார் 3,500 பேருக்குத்தான் இடம். சென்னை அரங்கம் இங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். பியூஸ் கேரியரும் அகல் விளக்கும் கொலு பொம்மையும் செய்து நாள் கூலி வாங்குகிறவர் எந்த டிக்கெட்டை வாங்குவார்?

இன்னொரு கதையும் இருக்கிறது. 1993லேயே இளையராஜா ஒரு சிம்பொனி எழுதினார். இதே ராயல் பில்ஹார்மோனிக் குழுதான் லண்டனில் வாசித்தது. பதிவும் ஆனது. ஆனால் 2025ல் வேலியண்ட் அரங்கேறிய நாள் வரையில், 32 ஆண்டாக, அது ஜனங்கள் காதுக்கு வரவில்லை. அன்றைக்குப் பிறந்த குழந்தை இன்று பிள்ளைகுட்டிக்காரன்! கேட்காத இசையைப் பற்றி ஒரு தலைமுறையே பெருமை பேசியும் சந்தேகம் பேசியும் கழித்துவிட்டது. வேலியண்டுக்கும் அந்தக் கதி வரக்கூடாது.

2025ல் மாசி மகம் மார்ச் 12ம் தேதி. லண்டனில் அரங்கேற்றம் நடந்த அதே வாரம். விருத்தகிரீசுவரர் கோயில் விழா நாட்களில் நாதஸ்வரமும் தவிலும் கேட்கக் காசு உண்டா, டிக்கெட் உண்டா? மூலவர் கர்ப்பக்கிரகத்தை விட்டு நகர மாட்டார். அதனால்தான் உற்சவரை வீதிக்கு எழுந்தருளச் செய்தார்கள் நம் முன்னோர். கோயிலுக்கு வர முடியாத கிழவியின் வாசலுக்கும் சாமி வரும்!

சிம்பொனியையும் அப்படி வீதிக்குக் கொண்டுவர வேண்டும்.

செய்யக்கூடியது

எண்பது பேரை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவது செலவுதான். ஆனால் சென்னையில் விழா எடுத்த அரசுக்கு மண்டலத்துக்கு ஒரு நாள் என்பது ஆகாத காரியமா? சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1929ல் தொடங்கிய இசைக் கல்லூரி இருக்கிறது. தமிழிசைக்குக் கொடி பிடித்த இடம். அங்கே ஒரு நாள் வாசித்தால் கடலூர் மாவட்டமே பஸ் ஏறி வந்து கேட்கும்.

அதுவும் முடியாவிட்டால் வானொலி இருக்கிறது. "இதோ மெட்டு வருகிறது, இப்போது செலோ வாங்குகிறது" என்று தமிழில் விளக்கிக்கொண்டே ஒலிபரப்பலாம். இசை அவருடைய சொத்து. அவர் மனசு வைக்க வேண்டும். நேரில் கேட்க வழியில்லாதவர்களுக்கு நல்ல பதிவாவது கிடைக்கச் செய்வது, அவரைக் கொண்டாடுகிறவர்களுக்கு அவர் கொடுக்கும் மரியாதை.

இன்னொன்று, எல்லாவற்றையும் விட முக்கியம். பண்ணைப்புரத்துப் பையனுக்குக் காகிதத்தில் மேல்நாட்டு இசை எழுதக் கற்றுக்கொடுத்தது சென்னையில் தன்ராஜ் மாஸ்டர் என்ற ஓர் ஆசான். ஆசான் இருந்தார், பையன் வந்தான். இன்று கடலூரில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது. அங்கே மேல்நாட்டு இசைக்குறிப்பு படிக்கவும் எழுதவும் சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியார் போட்டால் என்ன? நாடு முழுவதற்கும் தொழில்முறையில் நடக்கும் சிம்பொனி இசைக்குழு என்று சொல்ல மும்பையில் ஒன்றுதான் இருக்கிறது. 2006ல் தொடங்கிய அதிலும் வெளிநாட்டுக் கலைஞர்களே அதிகம். வாசிக்க ஆள் இல்லாத நாட்டில் எழுதியவர், லண்டனுக்குப் போகாமல் எங்கே போவார்?

"வெள்ளைக்காரன்கிட்ட சர்டிபிகேட்டு எதுக்கு?" என்று டீக்கடை அண்ணன் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். அவர் போனது சர்டிபிகேட்டுக்கு இல்லை, அண்ணே. வாசிக்க ஆள் தேடிப் போனார்.

வேலியண்ட் காலத்தை வெல்லுமா, வெல்லாதா? அந்தத் தீர்ப்பைச் சொல்ல விருத்தாசலத்துக்காரருக்கும் உரிமை உண்டு. சுண்டினால் ணங் எந்தச் சத்தம், டப் எந்தச் சத்தம் என்று தெரிந்த காதுகள் அவை.

கோப்பையைக் கையில் கொடுங்கள். சுண்டிப் பார்த்துச் சொல்வார்கள்!